மா கேக்குற தண்ணி: லயத்து அடுப்பும் ஒரு பாண் மெஷினும்

போன விடுமுறையில எங்க நாலு பேருக்கும் யாரும் எதிர்பாராத ஒரு வேலை வந்து சேர்ந்தது. எங்களில் ஒருத்தியின் பெரியம்மா குவைத்தில் 11 வருஷம் வீட்டு வேலை செய்துவிட்டு, அப்புத்தளைக்கு மேலே இருக்கிற தோட்டத்துக்குத் திரும்பி வந்திருந்தார். அவர் கொண்டு வந்த பெட்டிகளில் ஒன்றுக்குள் ஒரு பாண் மெஷின். வேலை செய்த வீட்டுக்காரர் புதுசு வாங்கியதும் பழசை இவரிடம் கொடுத்துவிட்டாராம். மா, தண்ணி, ஈஸ்ட், உப்பு, சீனி எல்லாத்தையும் போட்டு மூடி பட்டனை அமுக்கினால், மூணரை மணித்தியாலத்தில் பாண் வெளியே வரும். அதுதான் கதை.

முதல் பாண் நடுவில் குழி விழுந்து, உள்ளே ஈரக் களியாக வந்தது. "தண்ணி கூடிப்போச்சு" என்று இரண்டாவது தடவை தண்ணியை நல்லாக் குறைத்தோம். செங்கல் வந்தது. மெஷின் முனகுற சத்தம் பக்கத்து லயத்துக்கும் கேட்டது. பெரியம்மாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "அங்க தினமும் இதுலதான் சுட்டேன் புள்ள, ஒரு நாளும் இப்பிடி ஆகல" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கையேட்டில் இங்கிலீசிலும் அரபியிலும் எழுதியிருந்த அளவை ஒரு கரண்டி பிசகாமல்தான் போட்டிருந்தோம்.

மூன்றாவது தடவை அம்மாயி எழும்பி வந்தார். மெஷின் மாவைச் சுத்திக்கொண்டிருக்கும்போதே மூடியைத் திறக்கச் சொன்னார். நாங்க பயந்தோம். விரலால் ஒரு தடவை அமுக்கிப் பார்த்தார்.

"காஞ்சு கெடக்கு. கொஞ்சம் தண்ணி விடு."

"எவ்வளவு ஊத்தணும் அம்மாயி?"

"மா கேக்குற அளவு."

அவர் கையால் தெளித்தார், பார்த்தார், இன்னும் கொஞ்சம் தெளித்தார். அன்றைக்கு வந்த பாண் கடைப்பாண் மாதிரி இல்லை. ஆனால் பாண்தான்.

அம்மாயிக்கு 70 வயசு தாண்டிவிட்டது. வாழ்க்கை முழுக்கக் கோதுமை மா பிசைந்தவர். அவர் கையால் ஒரு பாண்கூடச் சுட்டதில்லை. அவர் மட்டுமில்லை, அந்த லயத்தில் யாருமே சுட்டதில்லை. மூணு தலைமுறையாகக் காலையும் ராத்திரியும் மா சாப்பிடுகிற சனத்துக்கு ஏன் பாண் சுடத் தெரியாது? இந்தக் கேள்வியோடுதான் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பி, நூலகத்தில் உட்கார்ந்தோம். நாங்க சரித்திரம் படிக்கிறவங்க. ஆனால் எங்க வீட்டுச் சட்டிக்குள்ள இருக்கிற சரித்திரத்தை எந்தப் பாடத்திலும் படித்ததில்லை.

அரிசிச் சனம் மாச் சனமான கதை

'பாண்' என்ற சொல்லே போர்த்துக்கேயருடையது. 1505இல் இந்தத் தீவுக்கு வந்தவர்கள் விட்டுப்போன சொற்களில் ஒன்று. தமிழிலும் சிங்களத்திலும் அப்படியே நின்றுவிட்டது. எங்களுக்கு ரொட்டி என்றால் தோசைக்கல்லில் தட்டிச் சுடுவது. பாண் என்றால் போறணையில் வேகிறது. இரண்டும் ஒரே மாவில் செய்கிற வேறு வேறு சாப்பாடு.

தோட்டத்துக்கு வந்த எங்க ஆட்கள் மா சாப்பிடுகிறவர்களாக வரவில்லை. தமிழ்நாட்டிலிருந்து கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் வந்தவர்களுக்குச் சாப்பாடு என்றால் சோறுதான், இல்லாத நாளில் கூழ். அந்த அரிசியும் இங்கே விளைந்ததில்லை, கப்பலில் வந்தது. கொழும்பிலிருந்து மலையேறிய ரயில் பாதை 1893இல் அப்புத்தளைக்கும், 1894இல் பண்டாரவளைக்கும், 1924இல் பதுளைக்கும் வந்தது. தேயிலையைக் கீழே இறக்கத்தான் அந்தப் பாதை. அதே பாதைதான் அரிசி மூட்டையை மேலே ஏற்றியது. தோட்ட நிர்வாகம் அரிசியைக் கொடுத்து, சம்பளத்தில் கழித்துக்கொண்டது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம்கூடக் கூலியையும் தோட்டம் கொடுக்கிற அரிசியின் விலையையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்த்தது. அதாவது எங்க கொள்ளுப்பாட்டிமார் என்ன சாப்பிடுவது என்பது அவர்கள் கையில் இல்லை. அது செக்ரோலில் இருந்தது.

1942இல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்தது. இலங்கை சாப்பிட்ட அரிசியில் பெரும்பகுதி பர்மாவிலிருந்து வந்துகொண்டிருந்தது, அது நின்றுபோனது. பங்கீட்டு முறை வந்தது, கூப்பன் வந்தது. அரிசியின் அளவைக் குறைத்து, அந்த இடத்தைக் கோதுமை மாவால் நிரப்பினார்கள். அதுவரைக்கும் நாட்டில் அதிகம் புழங்காத மா, யுத்தத்தால் எல்லா வீட்டுக்குள்ளும் நுழைந்தது. கிராமத்தில் வயல் உள்ளவருக்கு அது ஓர் இடைக்காலச் சாப்பாடு. வயலும் இல்லாமல், வீட்டைச் சுற்றி ஒரு முழம் நிலமும் சொந்தமில்லாமல் லயத்தில் இருந்தவருக்கு அதுவே நிரந்தரமானது.

புதுசாக ஒரு மா வந்தால் அதை என்ன செய்வது? எங்க பெண்கள் கண்டுபிடித்த பதில் ரொட்டி. பாண் ஏன் இல்லை என்றதுக்குக் காரணம் எளிது. பாண் மாவு புளித்து எழும்ப இரண்டு மூன்று மணித்தியாலம் வேண்டும். விடியக் காலை பெரட்டுக்குப் போக வேண்டிய பெண்ணுக்கு அந்த நேரம் கிடையாது. பாணுக்கு நாலு பக்கமும் சூடு தருகிற போறணை வேண்டும். 10 அடிக்கு 12 அடி காம்பராவில், ஈர விறகு புகைகிற அடுப்பில், தோசைக்கல்லுக்குத்தான் இடம். பாணுக்கு ஈஸ்ட் வேண்டும். அது தோட்டக் கடையில் இல்லை. ரொட்டிக்கு மா, உப்பு, தண்ணி போதும். தேங்காய் கிடைத்தால் அதிர்ஷ்டம். அஞ்சு நிமிஷத்தில் பிசைந்து, பத்து நிமிஷத்தில் சுட்டு, பாதியைப் பொட்டலம் கட்டி மலைக்கு எடுத்துக்கொண்டு போகலாம். ரொட்டி எங்க பாரம்பரியம் என்று பெருமையாகச் சொல்கிறோம். சொல்லலாம். ஆனால் அது நேரம் பறிக்கப்பட்ட பெண்கள் கண்டுபிடித்த சாப்பாடு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேணும்.

அதனால்தான் லயத்தில் பாண் எப்பவும் கடைப் பொருளாகவே இருந்தது. காய்ச்சல் வந்தால் பாண். ஆஸ்பத்திரியில் யாரையாவது பார்க்கப் போனால் பாண். சம்பள நாளில் டவுனுக்குப் போய்த் திரும்பும்போது பிள்ளைகளுக்கு ஓர் இறாத்தல் பாண். "பாண் வாங்கியாந்தேன்" என்ற சொல்லில் ஒரு கொண்டாட்டம் இருந்தது.

மாவும் இல்லாமல் போன வருஷங்கள்

1973, 1974 பற்றி அம்மாயி அதிகம் பேசமாட்டார். கேட்டால், "அது பஞ்ச காலம்" என்று முடித்துவிடுவார். அந்த வருஷங்களில் உலகச் சந்தையில் கோதுமை விலை பல மடங்கு ஏறியது, எண்ணெய் விலையும் ஏறியது. அன்னியச் செலாவணி இல்லாத அரசு பங்கீட்டைக் குறைத்தது, மாவின் விலையையும் பாணின் விலையையும் கூட்டியது. நாடு முழுக்கப் பாணுக்கு விடியற்காலை வரிசை நின்றார்கள். கிராமத்தில் மரவள்ளியாவது நட நிலம் இருந்தது. தோட்டத்தில் எல்லாச் சாப்பாட்டையும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். வேலை நாட்களும் குறைந்திருந்தன. 1974இல் தோட்டங்களில் மரண வீதம் கடுமையாக உயர்ந்தது. டவுன் வீதிகளில் தோட்டத்துச் சனம் பிச்சை எடுத்ததைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்குப் போகலாமா, இருக்கலாமா என்று தடுமாறிக்கொண்டிருந்த பல குடும்பங்களை அந்தப் பசிதான் தலைமன்னார்க் கப்பலில் ஏற்றியது.

அம்மாயி ஒரு விஷயம் மட்டும் சொன்னார். அந்த நாளில் மா கிடைத்தால், ரொட்டியாகத் தட்டாமல் தண்ணியில் கரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சுவார்களாம். "ரொட்டின்னா நாலு பேருக்கு. கஞ்சின்னா எட்டுப் பேருக்கு." பிசையத் தெரிந்த கைக்கு, மாவைக் கரைக்கவும் தெரிந்திருக்க வேண்டிய காலம் அது.

1977க்குப் பிறகு நிலைமை தலைகீழானது. சிங்கப்பூரின் பிரிமா நிறுவனத்தோடு அரசு ஒப்பந்தம் செய்தது. திருகோணமலையில் கட்டிய பிரம்மாண்டமான மா ஆலை 1980இல் இயங்கத் தொடங்கியது. கோதுமை விளையாத நாட்டில் கோதுமை மா மலையாகக் குவிந்தது. எங்க அம்மாமார் வளர்ந்த காலம் இதுதான்: காலையில் ரொட்டியும் சம்பலும், ராத்திரி ரொட்டியும் பருப்பும், நடுவில் வெறும் சாயம்.

நாங்க வளர்ந்த காலத்தில் பாண் ஆட்டோவில் ஏறி மலைக்கு வந்தது. பேத்தோவன் இசையை ஒலிபெருக்கியில் போட்டுக்கொண்டு வருகிற அந்த ஆட்டோவை ரோட்டுப் பக்கத்து லயத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். ரோட்டிலிருந்து மூணு மைல் மேலே இருக்கிற டிவிஷன்களுக்கு அந்தச் சத்தம் மட்டும்தான் வரும், பாண் வராது.

பிறகு 2022. அந்த வருஷம் ஜனவரியில் அப்போதைய நிதி அமைச்சர் பசில் ராஜபக்ச ஒரு நிவாரணத் திட்டத்தை அறிவித்தார். அரச ஊழியருக்கு மாதம் 5,000 ரூபாய். சமுர்த்தி பெறுகிறவர்களுக்கு மேலதிகமாக 1,000 ரூபாய். தோட்டக் குடும்பத்துக்கு மாதம் 15 கிலோ கோதுமை மா, கிலோ 80 ரூபாய்க்கு. மற்றவர்களுக்குக் காசு, எங்களுக்கு மா. அதுவும் இலவசமாக இல்லை, விலை குறைத்து. முந்தின வருஷம்தான் 1,000 ரூபாய் நாட்சம்பளம் வர்த்தமானியில் வந்திருந்தது. காசு கொடுத்திருந்தால் முட்டை வாங்கியிருப்போமோ, பால்மா வாங்கியிருப்போமோ, மாவே வாங்கியிருப்போமோ. அது எங்க முடிவாக இருந்திருக்கும். 1942இன் கூப்பனிலிருந்து 2022இன் அறிவிப்பு வரைக்கும் 80 வருஷம் போய்விட்டது. எங்களைப் பற்றிய கணக்கு மட்டும் மூட்டையில்தான் இருக்கிறது.

இதைக் கோபத்தில் மட்டும் சொல்லவில்லை. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார அளவீட்டின்படி, வயதுக்கேற்ற உயரம் இல்லாத 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாடு முழுவதும் 17.3 வீதம். தோட்டத்துறையில் 31.7 வீதம். இதுக்கு மா மட்டும் காரணமில்லை. சம்பளம், தாயின் ஆரோக்கியம், குடிதண்ணி, கழிவறை எல்லாம் சேர்ந்ததுதான். ஆனால் வயிறு நிரம்புவதும் உடம்பு வளர்வதும் ஒன்றில்லை என்று அந்த எண் சொல்கிறது.

மெஷினுக்குப் பாடம் சொன்ன கை

மெஷினின் சரித்திரத்தையும் தேடினோம். வீட்டுப் பாண் மெஷின் ஜப்பானில் பிறந்தது. ஒசாகாவின் மட்சுஷிட்டா நிறுவனம் 1980களின் நடுப்பகுதியில் இதைச் செய்ய முயன்றபோது, அவர்களுக்கும் எங்களுக்கு வந்த மாதிரியே வந்ததாம்: மேல் தோல் கருகல், உள்ளே வேகவில்லை. மெஷின் பிசைந்த மாவையும் பேக்கரிக்காரர் பிசைந்த மாவையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தும் விஷயம் பிடிபடவில்லை.

அந்தக் குழுவில் மென்பொருள் எழுதுகிற இகுக்கோ தனக்கா என்ற பெண் ஒரு யோசனை சொன்னார். ஒசாகா இன்டர்நேஷனல் ஹோட்டலின் தலைமைப் பேக்கரிடம் போய்த் தொழில் பழகுவது. பழகினார். ஒரு நாள் கண்டுபிடித்தார்: பேக்கர் மாவை இழுப்பதோடு நிறுத்தவில்லை, இழுக்கும்போதே முறுக்குகிறார். அந்த முறுக்கலை மெஷினுக்குள் கொண்டுவர, பாத்திரத்தின் உள்பக்கத்தில் வரம்பு மாதிரித் தடுப்புகள் வைத்தார்கள். 1987இல் மெஷின் சந்தைக்கு வந்தது. முதல் வருஷத்திலேயே 5 இலட்சத்துக்கு மேல் விற்றது. இன்றைக்கு முகாமைத்துவம் படிக்கிற மாணவர்களுக்கு, சொல்லிக் கொடுக்க முடியாத கையறிவை எப்படிக் கற்பது என்பதற்கு உதாரணமாக இந்தக் கதையைச் சொல்கிறார்கள்.

இதைப் படித்தபோது நாங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். மெஷினுக்குள்ளே ஏற்கனவே ஒரு கை இருக்கிறது. ஆனால் அது ஒசாகா ஹோட்டலின் கை, அந்த மாவுக்கும் அந்த ஊருக்கும் பழகிய கை. அப்புத்தளையில் அதுக்குப் பக்கத்தில் இன்னொரு கை வேண்டியிருந்தது.

நாங்க என்ன மாற்றினோம்

அடுத்த விடுமுறையிலும் போய் எட்டுத் தடவை சுட்டோம். மெஷின் உள்ளவர்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறோம்.

முதலாவது, கப்பை ஒதுக்கிவிட்டுத் தராசுக்கு மாறினோம். ஒரு கப் மா, அள்ளுகிற விதத்தைப் பொறுத்து 120 கிராமும் வரும், 150 கிராமும் வரும். மூணு கப்பில் அது பெரிய வித்தியாசம். இப்போது 450 கிராம் மா, ஒரு தேக்கரண்டியை விடக் கொஞ்சம் கூட உப்பு, ஒரு மேசைக்கரண்டி சீனி, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய். தண்ணி 270 மில்லிலீற்றரில் தொடங்குகிறோம்.

இரண்டாவது, உயரம். அப்புத்தளை கடல் மட்டத்திலிருந்து 1,400 மீற்றருக்கு மேலே இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் குறைவு. தண்ணி கிட்டத்தட்ட 95 பாகையிலேயே கொதிக்கும். ஈஸ்ட் விடுகிற வாயு லேசாக விரியும், மாவு வேகமாக எழும்பும், வேகுறதுக்கு முதலே தளர்ந்து இறங்கிவிடும். எங்க முதல் பாணின் குழி அதுதான். குவைத் கடலோர ஊர் என்பதால் பெரியம்மாவுக்கு அங்கே இந்தப் பிரச்சினை வரவில்லை. கையேடு இரண்டு தேக்கரண்டி ஈஸ்ட் சொல்கிறது. நாங்க ஒன்றேகால் போடுகிறோம். உப்பைக் குறைக்கக் கூடாது, அதுதான் ஈஸ்ட்டுக்குக் கடிவாளம். பதுளை டவுன் இதில் பாதி உயரம்தான், அங்கே ஒன்றரைக் கரண்டி சரிவரலாம்.

மூன்றாவது, மா. தோட்டக் கடையில் கிடைக்கிற சாதாரண மா ரொட்டிக்குச் சரி. பாணுக்குப் புரதம் கூடின மா வேண்டும். டவுனில் பேக்கரிச் சாமான் விற்கிற கடையில் பாண் மா என்று கேட்டால் கிடைக்கும். சாதாரண மாதான் இருக்கிறது என்றால் தண்ணியை ஒன்றிரண்டு மேசைக்கரண்டி குறையுங்கள், பாண் கொஞ்சம் கட்டையாக வரும் என்று மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

நாலாவதுதான் முக்கியம். மெஷின் பிசையத் தொடங்கிப் பத்தாவது நிமிஷத்தில் மூடியைத் திறவுங்கள். ஒன்றும் ஆகாது. மாவு ஒரே உருண்டையாக, பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டாமல், விரலால் தொட்டால் லேசாகப் பிசுபிசுக்க வேண்டும். துண்டு துண்டாகக் கிடந்தால் ஒரு கரண்டி தண்ணி. சேறு மாதிரி அடியில் படர்ந்தால் ஒரு கரண்டி மா. பனி மூட்ட நாளில் மூட்டையிலேயே மா ஈரம் குடித்திருக்கும், வெயில் நாளில் காய்ந்திருக்கும். அதனால் ஒரே அளவு எல்லா நாளும் சரிவராது. அம்மாயி சொன்ன "மா கேக்குற அளவு" என்பது மழுப்பல் இல்லை. அதைவிடத் துல்லியமாக எந்தக் கையேட்டிலும் எழுத முடியாது.

கடைசியாக, வெந்ததும் பாத்திரத்திலிருந்து எடுத்துவிடுங்கள், உள்ளேயே விட்டால் அடி நனையும். ஒரு மணித்தியாலம் ஆறும்வரைக்கும் வெட்டாதீர்கள். இது எங்களுக்கு எட்டுத் தடவையிலும் ஒரு தடவைகூட முடியவில்லை.

மாவில் ஐந்தில் ஒரு பங்கைக் குரக்கன் மாவாக மாற்றியும் சுட்டோம். குரக்கனில் இழுபடுகிற பசை கிடையாது, அதனால் அதுக்கு மேலே போனால் பாண் எழும்பாது. நிறம் கறுப்பு, மணம் நல்லா இருந்தது. குரக்கன் ஊவாவின் சேனைகளில் விளைகிற தானியம். கப்பலில் வர வேண்டியதில்லை. அம்மாயி ஒரு துண்டைச் சாயத்தில் தோய்த்துச் சாப்பிட்டுவிட்டு, "இது எங்கம்மா காய்ச்சின கூழு வாசம்" என்றார்.

ஒரு மெஷினால் தோட்டத்தின் பசி தீராது என்று எங்களுக்குத் தெரியும். விலையும் மின்கட்டணமும் எல்லோருக்கும் கட்டாது. நாங்க சொல்ல வந்தது வேறு. பெரியம்மா 11 வருஷம் இதே மெஷினில் வேறொரு வீட்டுப் பிள்ளைகளுக்குத் தினமும் பாண் சுட்டார். அந்தப் 11 வருஷமும் அவருடைய பிள்ளைகள் இங்கே அம்மாயி தட்டிய ரொட்டியில் வளர்ந்தார்கள். எட்டாவது பாணை அவர் ஆற விடாமல் தானே வெட்டி, முதல் துண்டை மூத்த மகனிடம் நீட்டினார். அவனுக்கு இப்போது 19 வயசு. அவன் ஒன்றும் சொல்லாமல் வாங்கிச் சாப்பிட்டு, இன்னொரு துண்டு கேட்டான்.

உங்க வீட்டிலும் மா பிசைந்த கை ஒன்று இருக்கும். இந்த விடுமுறைக்குப் போனால் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்க: கூப்பன் மா எப்படி இருந்தது, பஞ்ச காலத்தில் என்ன சாப்பிட்டீங்க, முதல் தடவை பாண் எப்போ வாங்கினீங்க. கேட்டதை எழுதி வையுங்க. செக்ரோல் எழுதின சரித்திரம் ஏற்கனவே இருக்கு. மத்ததை நாமதான் எழுதணும்.